சிரட்டையில் நட்ட வேலம்பாசி

காரைக்குடிக்கு வடக்கே உள்ள எங்கள் ஊரில் இரண்டு ஊருணிகள். ஒன்று குடிதண்ணீருக்கு. அதன் படியில் யாரும் செருப்போடு இறங்க மாட்டார்கள். இன்னொன்று குளிக்க, துவைக்க, மாடு கழுவ. நான் எழுதப்போவது இந்த இரண்டாவது ஊருணியைப் பற்றி. நாலு பக்கமும் செம்புறாங்கல் சுவர், கிழக்கே படித்துறை, வடமேற்கே மழைத்தண்ணீர் உள்ளே வரும் வரத்துக்கால், தெற்கே மிஞ்சிய தண்ணீர் வழிந்தோடும் கலுங்கு. செட்டிநாட்டில் ஊருக்கு ஊர் பார்க்கிற அமைப்புதான்.

2017 கோடையில் ஊருணி வெடித்துக் கிடந்தது. ஊர் கூடிப் பணம் போட்டு ஜேசிபி வைத்துத் தூர் வாரினோம். நாலு நாள் வேலை. அடியில் வெள்ளைக் களி தெரியும் வரை, கிட்டத்தட்ட மூன்றடிக்கு வண்டலை வழித்து எடுத்து வயல்களுக்கு அடித்தோம். நானும் கரையிலேயே நின்றிருந்தேன். பாசி, குப்பை எல்லாம் போய்விட்டது, இனித் தண்ணீர் கண்ணாடி மாதிரி நிற்கும் என்று எல்லோரும் நம்பினோம்.

இரண்டு பருவமழை கழிந்தும் தண்ணீர் தெளியவே இல்லை. முழங்கால் அளவுக்கு இறங்கினால் பாதம் தெரியாது. தை மாதத்தில்கூடக் காவித் தண்ணீர். பங்குனி பிறந்தால் அதுவே பச்சையாக மாறி, கையில் அள்ளினால் விரலிடுக்கில் வழவழவென்று ஒட்டும். முன்பெல்லாம் மழை நின்றதும் வந்துவிடுகிற முக்குளிப்பான் என்ற சின்ன நீர்ப்பறவை வரவில்லை. தும்பிகள் குறைந்துபோயின. கீழவீட்டு அண்ணன் படிகாரம் வாங்கிப் போட்டுப் பார்த்தார். இரண்டு நாள் தெளிந்தது, மூன்றாம் நாள் மாடுகள் இறங்கியதும் பழையபடி கலங்கிவிட்டது.

அப்பத்தாவிடம் ஒருநாள் இதைச் சொல்லிக்கொண்டிருந்தேன். அவர் சொன்னது: "நாங்க பாசிய வெலக்கித்தானடா தண்ணி மொண்டோம். அதையும் சேத்து அள்ளிப்புட்டீகளே."

அந்தப் பேச்சுதான் என்னைப் பாசி பக்கம் திருப்பியது.

அப்பத்தா சொன்ன பாசி, கல்லில் வழுக்குகிற பாசியும் இல்லை, மேலே படர்கிற பச்சை நூலும் இல்லை. அடிமண்ணில் வேர்விட்டு, தண்ணீருக்குள்ளேயே கொடி மாதிரி நீண்டு வளர்கிற செடி. எங்கள் ஊரில் வேலம்பாசி என்போம். பக்கத்து ஊர்களில் இதே பெயரை வேறு நீர்ச்செடிக்கும் சொல்வதைக் கேட்டிருக்கிறேன். அதனால் குழப்பம் வராமல் இருக்கத் தாவரவியல் பெயரையும் சொல்லிவிடுகிறேன்: ஹைட்ரில்லா வெர்டிசில்லாட்டா. நம் நாட்டு நீர்நிலைகளுக்கே உரிய செடி.

இதை அடையாளம் காணக் கண்ணைவிட விரல்தான் உதவும். கணுவுக்குக் கணு நாலிலிருந்து எட்டு இலை வரை சுற்றி நிற்கும். இலை நகத்தின் நீளம்தான் இருக்கும், ஓரம் ரம்பம் மாதிரி. கொடியை நுனியிலிருந்து அடிப்பக்கமாக இரண்டு விரலால் உருவினால் சொரசொரவென்று உரசும். மீன்தொட்டிக் கடைகளில் இதே சாயலில் ஒரு செடி கட்டுக்கட்டாக விற்கிறார்கள். இலை கொஞ்சம் பெரிதாக, பச்சை பளிச்சென்று இருக்கும், தொட்டால் வழுவழுப்பு. அது எஜீரியா, தென் அமெரிக்கச் செடி. பார்க்க அழகு என்று அதை வாங்கி ஊருணியில் விடாதீர்கள். ஆகாயத்தாமரையையும் ஒரு காலத்தில் பூவுக்காக ஆசைப்பட்டுத்தான் கொண்டுவந்தார்கள்.

பாசிக்கும் தெளிந்த தண்ணீருக்கும் உள்ள தொடர்பைப் புரிந்துகொள்ள எனக்குக் கொஞ்ச நாள் ஆனது. வேர் அடிமண்ணைப் பிடித்துக்கொள்கிறது, அலையடித்தாலும் சேறு கிளம்புவதில்லை. இலைகள் ஓட்டத்தைத் தணிப்பதால் கலங்கல் படிகிறது. சோப்புத் தண்ணீரிலும் சாணத்திலும் இருந்து வரும் சத்தைச் செடியே எடுத்துக்கொள்வதால், தண்ணீரைப் பச்சையாக்குகிற நுண்பாசிக்குச் சாப்பாடு குறைகிறது. இன்னொன்றும் நடக்கிறது. அந்த நுண்பாசியைத் தின்பவை கடுகிலும் சிறிய நீர்த்தெள்ளுகள். மறைவிடம் இல்லாத வெட்டவெளித் தண்ணீரில் மீன்கள் அவற்றை முழுக்கத் தின்று தீர்த்துவிடும். செடிக்குள் ஒளிய இடம் கிடைத்தால் அவை பெருகி வேலை செய்யும். நாங்கள் மூன்றடி வண்டலோடு இந்த ஏற்பாடு முழுவதையும் லாரியில் ஏற்றி அனுப்பியிருந்தோம்.

முதல் முயற்சி 2019 ஆவணியில். பக்கத்துக் கண்மாயில் ஒரு சாக்கு நிறையப் பாசி அரித்துவந்து ஊருணியில் அப்படியே கொட்டினேன். ஆவணித் தண்ணீர் குறைவு, சூடு, கலங்கல். கொடிகள் மேலே மிதந்து, இலைகளில் சேறு அப்பி, பத்தே நாளில் அழுகிவிட்டன. அழுகியது தண்ணீரை இன்னும் கெடுத்தது. அந்த மாதம் செத்து மிதந்த கெண்டைக் குஞ்சுகளை நான்தான் அள்ளிப் புதைத்தேன். இன்று நினைத்தாலும் வருத்தமாக இருக்கிறது.

அடுத்தது 2021 தை. இந்தத் தடவை மழை முடிந்து, களிமண் உருண்டையில் செருகி நட்டேன். இரண்டு வாரம் நன்றாக வந்தது. பிறகு ஒரு நாள் போய்ப் பார்த்தால், ஆட்டுக்கு வெட்டிப்போட்டது போல எல்லாம் அடிக்கட்டையாக நின்றன. விசாரித்ததில் தெரிந்தது, ஊருணியில் மீன் வளர்த்துப் பிடிக்க மீன்பாசிக் குத்தகை எடுத்தவர் புல்கெண்டைக் குஞ்சு விட்டிருக்கிறார். அந்த மீனுக்கு வேலம்பாசி என்றால் விருந்து. அவரைக் குறை சொல்ல முடியாது, குத்தகைப் பணம் கட்டியவர் வேகமாக எடை போடுகிற மீனைத்தான் விடுவார். நான்தான் நடுவதற்கு முன்னால் கேட்டிருக்க வேண்டும். நீங்கள் தொடங்குவதாக இருந்தால் தண்ணீரைப் பார்ப்பதற்கு முன்பே குத்தகை யாரிடம், எப்போது முடிகிறது, என்ன மீன் விட்டிருக்கிறது என்று கேட்டுவிடுங்கள். புல்கெண்டையோ, அடிச்சேற்றைக் கிளறுகிற சாதாக்கெண்டையோ, ஜிலேபி மீனோ நிறைய இருந்தால் செடி நிற்காது.

அந்தக் கோடையில் தண்ணீர் வற்றி, மீனைப் பிடித்து முடித்தார்கள். அக்டோபர் 2 கிராம சபையில் எழுந்து பேசினேன். ஊருணி பஞ்சாயத்துச் சொத்து, நாம் பாட்டுக்கு எதையும் செய்ய முடியாது, செய்யவும் கூடாது. மூன்று வருடத்துக்குக் குத்தகை விட வேண்டாம், விராலும் கெண்டையும் தானாக வந்தால் வரட்டும் என்று முடிவானது. ஊர்த்தலைவரான அம்பலம் ஒரு நிபந்தனை போட்டார்: படித்துறைப் பக்கம் பாசி வரக் கூடாது, பிள்ளைகள் காலில் சுற்றிக்கொள்ளும். மிகச் சரியான நிபந்தனை. படியிலிருந்து முப்பதடிக்கு நாங்கள் இன்று வரை ஒரு கொடிகூட விடுவதில்லை. பாசி வளர்க்கிற யாரும் முதலில் போட வேண்டிய எல்லை அதுதான்.

மூன்றாவது முயற்சியை அவசரப்படாமல் செய்தேன். கண்மாயிலிருந்து விடிகாலையில் இளம் நுனிக்கொடிகளாகப் பார்த்து, சாண் நீளத்துக்குக் கிள்ளி எடுத்தேன். நனைத்த சணல் சாக்கில் சுற்றிக் கொண்டுவந்து, வீட்டுக் கொல்லையில் உள்ள சிமெண்டுத் தொட்டியில் மூன்று வாரம் வைத்திருந்தேன். இந்த மூன்று வாரத்தைத் தவிர்க்காதீர்கள். கொடிகளுக்கு நடுவே சுண்டுவிரல் நகமளவு ஆகாயத்தாமரைக் கன்றுகள் இரண்டு இருந்தன. அவை ஊருணிக்குள் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. தொட்டியில் அரையடிக்குப் பழைய வண்டல், அதன்மேல் ஒரு கை மணல், பாதி நிழல். உரம் எதுவும் வேண்டாம். ஒரு கணு இருந்தாலே இந்தச் செடி வேர் விட்டுவிடும்.

2021 நவம்பரில் மழை கொட்டித் தீர்த்தது. வரத்துக்காலில் செம்மண் தண்ணீர் சுழித்துக்கொண்டு வந்தது. அந்த நேரத்தில் நட்டால் அத்தனையும் கலுங்கு வழியாகப் போய்விடும். மழை ஓய்ந்து, கலுங்கில் தண்ணீர் வழிவது நிற்க மார்கழி நடுப்பகுதி ஆயிற்று, அதுவரை காத்திருந்தேன். எவ்வளவு ஆழத்தில் நடுவது என்பதற்கு எளிய வழி ஒன்று கண்டுபிடித்தேன். வெள்ளை எனாமல் தட்டு ஒன்றில் ஓட்டை போட்டு, கல்லோடு சேர்த்துக் கயிற்றில் கட்டினேன். கயிற்றில் சாணுக்கு ஒரு முடிச்சு. தட்டை மெல்ல இறக்கி, கண்ணிலிருந்து மறைகிற இடத்தில் முடிச்சை எண்ண வேண்டும். அதைத் தாண்டிய ஆழத்தில் புதுக்கொடிக்கு வெளிச்சம் பற்றாது. அன்று எனக்கு மூன்று முடிச்சு கிடைத்தது. அதனால் முழங்காலிலிருந்து தொடை வரை ஆழமுள்ள வடகரையை மட்டும் எடுத்துக்கொண்டேன்.

களிமண் உருண்டை கரைந்துவிடுகிறது, சட்டி வாங்கக் காசு. ஊரில் சிரட்டைக்குப் பஞ்சமில்லை. கண் திறந்த தேங்காய்ச் சிரட்டையில் வண்டலை அமுக்கி, ஐந்தாறு கொடிகளைச் செருகி, மேலே மணல் போட்டு, வாழைநாரால் குறுக்கே ஒரு கட்டு. தண்ணீருக்குள் கையை விட்டு, சிரட்டையை அடிச்சேற்றில் பாதி அமிழ வைக்க வேண்டும். எறியக் கூடாது, எறிந்தால் கவிழும். இரண்டடிக்கு ஒன்றாக அறுபது சிரட்டை வைத்தேன். நாற்பதுக்கு மேல் பிடித்துக்கொண்டன.

மாடும் வாத்தும் வராமல் இருக்க, சீமைக் கருவேலக் கம்புகளை ஊன்றி முதலில் பழைய நைலான் வலையைக் கட்டினேன். நாலாம் நாள் அதில் ஒரு பாலாமை கழுத்து சிக்கிக் கிடந்தது. நல்லவேளை, உயிர் இருந்தது. கத்தரியால் ஒவ்வொரு இழையாக வெட்டி எடுக்க அரைமணி நேரம் ஆனது. ஆமை தலையை உள்ளே இழுத்துக்கொண்டே இருக்க, நான் பயத்தில் வெட்ட, அந்த அரைமணி நேரத்தை மறக்க மாட்டேன். அன்றே வலையைக் கழற்றி எரித்துவிட்டு மூங்கில் தட்டி கட்டினேன். உயிர்களுக்காக ஒரு வேலை செய்கிறவர்கள் தண்ணீருக்குள் நைலான் வலை போடவே கூடாது.

மாசியில் பாசி பாய் விரித்த அளவுக்குப் பரவியது. ஒருநாள் காலை ஏழு மணிக்குத் தட்டியருகே நின்றேன். தண்ணீர் மேல் நொய்யரிசி சிந்தியது மாதிரி வெள்ளைப் பொடிகள் மிதந்தன. குனிந்து பார்த்தபோது ஒரு பொடி என் கண் முன்னாலேயே கீழேயிருந்து மேலே ஏறி வந்து பட்டென்று விரிந்தது. அது பாசியின் ஆண் பூ. செடியைவிட்டு அறுத்துக்கொண்டு மேலே வந்து, வெடித்து மகரந்தத்தைத் தூவுகிறது. நூல் மாதிரி நீண்ட காம்பில் பெண் பூ மேல்மட்டத்துக்கு வந்து காத்திருக்கிறது. ஐம்பது வருடமாகக் குளித்த ஊருணியில் இதை நான் பார்த்ததே இல்லை.

2022 ஆனியில் ஊருணி மறுபடி வற்றியது. நட்ட இடம் வெறும் கருப்புச் சேறு. அது காய்ந்து பாளம் பாளமாக வெடித்தது. காய்ந்த பாசி அப்பளம் மாதிரி உதிர்ந்தது. எல்லாம் முடிந்தது என்றுதான் நினைத்தேன். களைக்கொத்தியால் ஒரு பாளத்தைப் புரட்டினேன். நாலு விரல் ஆழத்தில் மண் இன்னும் ஈரமாக இருந்தது. அதில் கொண்டைக்கடலை அளவில், கொண்டைக்கடலைக்கு உள்ளது போலவே மூக்கு நீட்டிக்கொண்டு, சாம்பல் வெள்ளையில் சின்னச் சின்னக் கிழங்குகள். அந்த ஒரு பாளத்தில் மட்டும் பதினொன்று எண்ணினேன். நகத்தால் கீறினால் உள்ளே பால் வெள்ளை, உறுதியாக இருந்தது. பகல் குறுகிய மாதங்களில் செடி கொடியின் நுனியை மண்ணுக்குள் இறக்கி இந்தக் கிழங்குகளை வைத்துவிடுகிறது. ஈரம் கொஞ்சம் இருந்தால் போதும், வருடக்கணக்கில் உயிரோடு கிடக்கும்.

கிழங்கைக் கையில் வைத்துக்கொண்டு நின்றபோதுதான் 2017-இல் என்ன நடந்தது என்று முழுதாகப் புரிந்தது. அதற்கு முன்பும் ஊருணி எத்தனையோ முறை வற்றியிருக்கிறது. ஒவ்வொரு முறையும் ஐப்பசி மழையில் பாசி தானே வந்தது, யாரும் நடவில்லை. காரணம் மேல்மண்ணில் இருந்த இந்தக் கிழங்குகள். அல்லிக்கும் கொட்டிக்கும் கிழங்கு அங்கேதான். நாங்கள் ஊருணியின் விதைநெல்லைச் சேர்த்து அள்ளிவிட்டோம். மண்வெட்டியாலும் கூடையாலும் தூர் எடுத்த காலத்தில் ஒரே கோடையில் மொத்தத்தையும் எடுக்க முடியாது, எங்காவது ஒரு மூலை மிஞ்சும். இயந்திரம் நாலு நாளில் ஒரு கைப்பிடி மிச்சமில்லாமல் வழித்துவிடுகிறது.

அந்த வருடம் ஐப்பசி மழை பெய்து தண்ணீர் நின்ற மூன்றாவது வாரம், தட்டியே இல்லாத இடத்திலும் சேற்றிலிருந்து பச்சை ஊசிகள் எழுந்தன. அதன் பிறகு நான் சிரட்டை வைக்கவே இல்லை.

வந்தவற்றைச் சொல்கிறேன். முதலில் ஊசித்தட்டான்கள். ஆணும் பெண்ணும் சேர்ந்தபடியே வந்து உட்கார்ந்து, பெண் வாலை வளைத்துப் பாசித்தண்டுக்குள் முட்டையைச் செருகும். அப்புறம் நத்தைகள் பெருகின, அவற்றைத் தேடி நத்தைகுத்தி நாரைகள். எங்களுக்கு மேற்கே, திருப்பத்தூர்ப் பக்கம் வேட்டங்குடிப் பறவைகள் சரணாலயம் இருக்கிறது. 1977-இல் அறிவிக்கப்பட்டது. பறவைகளுக்காக அங்குள்ள கொள்ளுகுடிப்பட்டி மக்கள் தீபாவளிக்கு வெடி வெடிக்காமல் இருப்பதை எல்லோரும் அறிவார்கள். கூடு கட்ட அங்கே இடம் இருந்தாலும் இரை தேடச் சுற்று வட்டாரத்துக் கண்மாய்களும் ஊருணிகளும் வேண்டுமே. 2023 கோடைக்கு முன்னால் விரால் குஞ்சு பொரித்தது. செம்மஞ்சள் நிறத்தில் பார்ப்புகள் ஒரு கொத்தாகப் பாசிக்கு நடுவே குமிழியிட, தாயும் தகப்பனும் அடியில் காவல் நின்றன.

முக்குளிப்பான் அதே வருடம் தையில் திரும்பியது. பாசியை இழுத்துக் குவித்து, மிதக்கிற கூடு. அடியில் வேரூன்றிய கொடிகளோடு பின்னியிருப்பதால் காற்றில் நகராது. நான் தூரத்தில் கலுங்கின் மேல் உட்கார்ந்து பார்த்தேன். மாடு ஓட்டிவந்த பையன் கரையில் தெரிந்ததும், தாய்ப்பறவை ஓடவில்லை. அலகால் ஈரப்பாசியை இரண்டு பக்கமும் இழுத்து முட்டைகளை மூடியது. மூன்று, நாலு இழுப்பு. பிறகு சத்தமில்லாமல் தண்ணீருக்குள் இறங்கியது. கூடு இருந்த இடத்தில் அழுகின பாசிக்குவியல் ஒன்றுதான் தெரிந்தது. பையன் போன பிறகு அது ஏறி, பாசியை விலக்கி, உடம்பைத் தாழ்த்தி உட்கார்ந்தது. அந்த மூடிபோட ஈரப்பாசி இல்லாததால்தான் ஐந்து வருடம் இது வராமல் இருந்திருக்கிறது என்று எனக்குத் தோன்றியது.

பாசியை வளர்ப்பதோடு வேலை முடியவில்லை, அடக்கவும் வேண்டும். இது வேகமாக வளர்கிற செடி. இரண்டாம் வருடம் மாசியில் ஊருணியில் முக்கால் பங்கை மூடிவிட்டது. விடியலில் கெண்டைகள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. பகலில் மூச்சுக்காற்றைக் கொடுக்கிற செடி, இரவில் தானும் அதை எடுத்துக்கொள்கிறது. அடர்த்தி மிஞ்சினால் விடியலுக்கு முன் தண்ணீரில் காற்று பற்றாமல் போகும். இப்போது பாதிக்கு மேல் போகவிடுவதில்லை. ஒரே நாளில் முழுக்க எடுக்காமல், வாரம் ஒரு பட்டையாக அரிவாளால் அறுத்துக் கரைக்கு இழுக்கிறோம். கூடு இருக்கும் பக்கம் போவதில்லை. அறுத்ததைத் தண்ணீரில் விட்டால் அழுகும், துண்டுகள் வேறு இடத்தில் வேர்விடும். இழுத்ததைத் தண்ணீர் ஓரத்திலேயே ஒரு இரவு போட்டு வைக்கிறோம். அதிலுள்ள தும்பிக் குஞ்சுகளும் மீன் பொடிகளும் நத்தைகளும் பாதியாவது தண்ணீருக்குத் திரும்பிவிடும். மறுநாள் தென்னைக்கு அடியில் மூடாக்கு.

துவைக்கிற கல்லைக் கலுங்குக்கு வெளிப்பக்கம் மாற்றினோம். இதற்குப் பெண்கள் ஒத்துக்கொள்ள ஒரு வருடம் பிடித்தது. தண்ணீர் சுமக்க வேண்டியிருக்கிறதே, அவர்கள் சொன்னது நியாயம்தான். பிறகு ஒரு கைப்பம்பு போட்டதும் சரியாயிற்று. வரத்துக்கால் ஊருணியில் விழும் இடத்தில் ஒரு குழி வெட்டி, கரையில் கோரை விட்டிருக்கிறோம். முதல் மழையின் செம்மண் அங்கேயே தங்கிவிடும்.

கொசு வரும், பாம்பு வரும் என்று சொன்னவர்கள் உண்டு. தண்ணீர்ப்பாம்பு வருகிறது, அதற்கு விஷம் இல்லை. கொசுப்புழுவைத் தும்பிக் குஞ்சுகளும் சின்ன மீன்களும் தின்கின்றன. ஓரத்தில் தேங்கிய குட்டையையும் வீட்டுக் கொல்லையில் கிடக்கும் டயரையும் கவனித்தால் போதும். குடிதண்ணீர் ஊருணியில் மட்டும் நான் கை வைக்கவில்லை. அங்கே ஏற்கெனவே இருப்பது இருக்கட்டும்.

அமெரிக்காவில் புளோரிடாவில் இருக்கும் என் அக்கா மகன் படங்களைப் பார்த்துவிட்டு, "மாமா, நாலு கிழங்கு கொடுத்து விடுங்க, எங்க வீட்டுக் குளத்துல போடுறேன்" என்றான். கூடவே கூடாது என்றேன். 1950-களில் மீன்தொட்டி வியாபாரம் வழியாக அங்கே போன இந்தச் செடி ஏரிகளை அடைத்து, இன்று அங்கே சட்டப்படி தடை செய்யப்பட்ட களை. இங்கே இதைத் தின்ன, இதில் முட்டையிட, வற்றி ஒடுக்க எல்லாம் ஏற்பாடு இருக்கிறது. அவன் ஊருக்கு அவன் ஊர்ச்செடியைத் தேடச் சொன்னேன்.

போன கோடையில் பக்கத்து ஊரில் தூர்வாரத் தொடங்கினார்கள். நானும் சித்தப்பாவும் முதல் நாளே போய்விட்டோம். சித்தப்பா ஒரு பாளத்தைப் புரட்டி, கிழங்குகளை அந்த ஊர் அம்பலத்தின் உள்ளங்கையில் வைத்தார். "இது என்னப்பா, கடலையா?" என்று அவர் கேட்டார். மேற்குக் கரையோரம் மூன்றில் ஒரு பங்கை இயந்திரம் தொடாமல் விட ஒத்துக்கொண்டார்கள். எல்லைக்குக் கயிறு கட்டி, ஓட்டுநருக்குத் தெரியும்படி சிவப்புத் துணி முடிந்தோம். மாலையில் வண்டி நின்ற பிறகு நான் கயிற்றுக்கு உள்பக்கம் ஒரு பாளத்தைப் புரட்டிப் பார்த்தேன். கிழங்குகள் அப்படியே இருந்தன. புரட்டிய பாளத்தைத் திரும்பவும் ஈரம் காயாமல் மூடிவைத்துவிட்டு வந்தேன்.